ஐந்தாம் சீரில் யார்?

ஒட்டன்சத்திரம்
3.2.1997

மதிப்பிற்குரிய இளவேனில் டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு எங்கள் காய்கறி வியாபாரிகள் சங்க விழாவில் கவிதைப் போட்டிக்கு நடுவராக வந்திருந்தீர்கள். சால்வைக்குப் பதிலாக ஒரு கூடை காய்கறி கொடுத்தோம் அல்லவா? அந்தக் கூடையைக் கொடுத்துவிட்டுப் போட்டோ எடுக்கிற வரை பக்கத்தில் நின்றவன் நான். கூடை கனக்கிறது, ஒரு பக்கம் பிடியுங்கள் என்றீர்கள். நான் பதற்றத்தில் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டேன். போட்டோவில் கூடை என் கையில்தான் இருக்கிறது. நடுவர் நான் மாதிரியும் நீங்கள் என்னை வழியனுப்ப வந்தவர் மாதிரியும் விழுந்திருக்கிறது.

போன வாரம் தொப்பம்பட்டியிலிருந்து என் அக்கா பொன்னழகு உங்கள் வீட்டுக்கு வந்து பெண் கேட்டது எனக்காகத்தான். உங்கள் அப்பா சொன்ன பதிலை அக்கா அப்படியே வந்து ஒப்பித்தது. "எம்மக வாயால சரின்னு சொல்லட்டும். அதுவரைக்கும் மாப்ள இங்கிட்டு வந்து போக வேணாம். வேணும்னா கடுதாசி போட்டுக்கிரட்டும்." பெரியவர் வாக்கு. எழுதுகிறேன்.

நான் பழனியில் தமிழ் பி.ஏ. படித்தவன். அப்பாவுக்குக் கால் முடியாமல் போனதும் மண்டியில் வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது பேச்சுக்கு. மண்டியில் உட்கார நேரம் ஏது? படித்ததில் மிச்சம் இருப்பது வெண்பா ஒன்றுதான். உங்களுக்காக ஒன்று எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

செக்கச் சிவந்தமுகம் சேர்ந்து சிரிக்குதடி
இளவேனில் தந்த தளதளப்பைக் கண்டவுடன்
பக்கத்தில் நின்று படபடத்த நெஞ்சுக்குள்
முக்கனியும் தோற்ற முறை

பிடித்திருந்தால் ஒரு வரி போடுங்கள். பிடிக்காவிட்டால் இரண்டு வரியாகப் போடுங்கள்.

அன்புடன்,
கண்ணுசாமி


நாகல்நகர், திண்டுக்கல்
8.2.1997

திரு. கண்ணுசாமி அவர்களுக்கு,

இரண்டு வரிக்கு மேலேயே போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் வகுப்புக்கு யாப்பு நடத்துகிறவளுக்கு வெண்பாவைக் கொடுத்தால் அவள் முகர்ந்து பார்க்க மாட்டாள். பிரித்துத்தான் பார்ப்பாள். பிரித்தேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். செக்க, பக்க, முக்க என்று இரண்டாம் எழுத்து ஒன்றி வருகிற எதுகை அருமை. சேர்ந்து சிரிக்க, பக்கத்தில் படபடக்க, முக்கனியும் முறை என்று முதலெழுத்து ஒன்றுகிற மோனை அதைவிட அருமை. ஒரு சீருக்கும் அடுத்த சீருக்கும் முடிச்சாக இருக்கிற தளையும் இறுக்கமாக விழுந்திருக்கிறது. என் மாணவிகள் இப்படி எழுதினால் பத்துக்குப் பத்து.

ஒரே ஓர் இடம் தவிர. இரண்டாம் அடியின் தொடக்கத்தில், ஐந்தாம் சீராக, என் பெயர் நிற்கிறதே, அங்கே எதுகை இல்லை. எல்லா அடியிலும் 'க்' வர, இங்கே 'ள' வருகிறது. மோனையும் இல்லை, 'தந்த', 'தளதளப்பை' என்று த வரிசை போட்டுக் காத்திருக்க, 'இ' வந்து நிற்கிறது. தளையும் தட்டுகிறது, 'சிரிக்குதடி'க்குப் பின்னால் நேரசை வர வேண்டும், என் பெயர் நிரையசையில் தொடங்குகிறது. மற்ற பதினான்கு சீரையும் நூல் பிடித்துத் தைத்தவன் ஒன்றை மட்டும் கோணலாகத் தைப்பானா? பழைய துணியில் ஒட்டுப் போட்டால்தான் அப்படி வரும்.

ஆக, அந்த இடத்தில் முதலில் வேறு ஒரு சொல் இருந்திருக்கிறது. கணக்கு டீச்சர் ரோசலினிடம் காட்டினேன். "ஏய், இது எக்ஸ் கண்டுபிடிக்கிற கணக்குடி" என்றாள். உட்கார்ந்து போட்டோம். எக்ஸ் மூன்று அசை, மூன்றும் நேரசை. இரண்டாம் எழுத்து 'க்'. முதலெழுத்து 'த'வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு மோனை இனமான 'ச'. எங்களுக்குத் தெரிந்த பெண் பெயர்களை எல்லாம் போட்டுப் பார்த்தோம். ஒன்றே ஒன்றுதான் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

சக்கம்மா.

"சிரிக்குதடி சக்கம்மா தந்த தளதளப்பை" என்று நீங்களே வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், எவ்வளவு சுகமாக ஓடுகிறது. சந்தேகத்துக்கு வேறு காரணமும் உண்டு. தளதளப்பாம்! என்னை என் அம்மா "ஏ முருங்கக்கா" என்றுதான் கூப்பிடுவார். செக்கச் சிவந்த முகமாம்! நான் மாநிறம். 'சேர்ந்து சிரிக்குதடி' என்கிறீர்கள். யாரோடு சேர்ந்து? ஒரு பள்ளி ஆசிரியைக்கு முதல் கடிதத்திலேயே 'டி' போட்டிருப்பதை நான் இன்னும் எடுக்கவே இல்லை.

இன்னொன்று. உங்கள் அக்கா போகும்போது அப்பாவிடம், "ஏனுங்க, பொண்ணுக்குச் சீரு என்னங்க செய்வீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். வெண்பாவுக்குப் பதினைந்து சீர் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

யார் அந்தச் சக்கம்மா?

இளவேனில்


ஒட்டன்சத்திரம்
12.2.1997

டீச்சர் அவர்களுக்கு,

தளை தட்டுமென்று எனக்கும் தெரியும். தெரிந்தேதான் அனுப்பினேன். காதலில் யார் அசை பிரித்துப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். உங்களைத் தவிர வேறு யாராவது பார்த்திருப்பார்களா, சொல்லுங்கள்!

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு எந்தச் சக்கம்மாவையும் தெரியாது. இந்த வரியை எழுதி முடித்ததும் கை நின்றுவிட்டது. ஏனென்றால் ஒரு சக்கம்மாவைத் தெரியும். எங்கள் மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிறவர். பேரன் பேத்தி எடுத்தாயிற்று. உங்கள் கடிதத்தைக் கல்லாவில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தபோது என்னை அறியாமல் "யார் அந்தச் சக்கம்மா" என்று வாய்விட்டுப் படித்துவிட்டேன். அவர் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"நாந்தேன், என்ன சாமி?"

விஷயத்தைச் சொன்னால்தான் விடுவேன் என்றார். சொன்னேன். பொக்கை வாயைத் திறந்து மண்டியே அதிரச் சிரித்தார். "என்னைய வச்சா பாட்டுக் கட்டுன? எம்புருசன் நாப்பது வருசத்துல ஒத்த வரி பாடுனதில்லையே!" அன்று முழுக்க அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. கொண்டையில் பூ வேறு ஏறிவிட்டது. சுமை தூக்குகிறவர்கள் என்னைப் பார்த்தால் "சக்கம்மா தந்த தளதளப்பு" என்று பாட்டே பாடுகிறார்கள். நீங்கள் சொன்னது உண்மைதான், சுகமாகத்தான் ஓடுகிறது.

ஆனால் அந்த இடத்தில் இருந்தது சக்கம்மா அல்ல. எந்தப் பெண்ணும் அல்ல. என்ன இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் இப்போதிருப்பதைவிடக் கோபம் அதிகமாகும்.

சீர் விஷயம் அக்கா ஊர் வழக்கத்தில் கேட்டது. நான் கேட்கச் சொல்லவில்லை. அதற்கும் மன்னியுங்கள்.

கண்ணுசாமி


திண்டுக்கல்
17.2.1997

திரு. கண்ணுசாமி அவர்களுக்கு,

சக்கம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பூ வைத்தது நல்ல காரியம்.

உங்களுக்குச் சொல்ல அன்பு எதுவும் கைவசம் இல்லை. விளையாட்டை விட்டுவிட்டு ஒன்று சொல்கிறேன். போன வருடம் எனக்கு ஒரு வரன் வந்தது. படித்தவர், நல்ல வேலை. அவரும் கவிதை எழுதினார். ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு கவிதை. எனக்கும் பிடித்திருந்தது. பொய் சொல்ல மாட்டேன், தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். ஒரு நாள் எங்கள் பள்ளி நூலகத்தில் பழைய வாரப் பத்திரிகைகளைக் கட்டிப் போடும்போது அந்தக் கவிதைகள் எல்லாம் வரிசையாகக் கண்ணில் பட்டன. வேறொருவர் எழுதியவை. கவிதைக்குள் இருந்த பெண் பெயரை மட்டும் எடுத்துவிட்டு என் பெயரை ஒட்டியிருந்தார். யாருக்கோ தைத்த ரவிக்கையை எனக்குப் போட்டு அழகு பார்த்திருக்கிறார். வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அப்பா காரணம் கேட்கவில்லை. அதனால்தான் இந்த முறை "எம்மக வாயால சொல்லட்டும்" என்கிறார்.

எனக்கு வெண்பா நன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. எனக்கென்று எழுதியதாக இருக்க வேண்டும். சங்கத்தார் அனுப்பிய போட்டோவில் உங்களைப் பார்த்தேன். இரண்டு கையாலும் கூடையைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்து விழிக்கிற மனிதரைப் பிடிக்காமல் இல்லை. அதனால்தான் இவ்வளவு கோபம்.

ஐந்தாம் சீரில் என்ன இருந்தது? அடுத்த கடிதத்தில் அது இல்லையென்றால் அதற்கடுத்த கடிதம் என்னிடமிருந்து வராது.

இளவேனில்


ஒட்டன்சத்திரம்
20.2.1997

டீச்சர் அவர்களுக்கு,

தக்காளி.

தேமாங்காய்ச் சீர். மூன்றும் நேரசை. இரண்டாம் எழுத்து 'க்', முதலெழுத்து 'த'. நீங்களும் ரோசலின் டீச்சரும் போட்ட கணக்கு முழுக்கச் சரி. பெண் பெயர்களில் தேடியதுதான் பிசகு. காய்கறி மண்டிக்காரன் எழுதியதைக் காய்கறியில் அல்லவா தேடியிருக்க வேண்டும்!

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கவிதைப் போட்டியில் அவரவர் விற்கிற காயைப் பாட வேண்டும் என்று சங்கத்தில் விதி வைத்திருந்தார்கள். ஒருவர் முருங்கை பாடினார், ஒருவர் வெண்டை பாடினார், சின்ன வெங்காயம் பாடியவர் அழுதேவிட்டார். உங்களுக்கு நினைவிருக்கும். 'மண்டிக்கவி' என்று மைக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, ஆள் வரவில்லை என்று விட்டார்களே, அது நான். என் தாளில் இருந்தது இதுதான்:

செக்கச் சிவந்தமுகம் சேர்ந்து சிரிக்குதடி
தக்காளி தந்த தளதளப்பைக் கண்டவுடன்
பக்கத்தில் உள்ள பரங்கியும் பூசணியும்
துக்கத்தில் வாடும் துவண்டு

கூடை நிறையத் தக்காளி சேர்ந்து சிரிக்கிறது. பூசணிக்குத் துக்கம். அவ்வளவுதான் கவிதை. பரிசு எனக்குத்தான் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் போட்டி தொடங்கும் முன்னால் கூடை கொடுக்கச் சொல்லி என்னை மேடையில் ஏற்றிவிட்டார்கள். ஒரு பக்கம் பிடியுங்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். நான் இறங்கிப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. உங்கள் முன்னால் நின்று பூசணிக்குத் துக்கம் என்று படிக்க எனக்கு வாய் வரவில்லை. அங்கேயே தாளைத் திருப்பிக் கடைசி இரண்டு அடியையும் அடித்துவிட்டு வேறு எழுதினேன். "பக்கத்தில் நின்று படபடத்த நெஞ்சுக்குள், முக்கனியும் தோற்ற முறை." அது தக்காளிக்கு எழுதியதில்லை. தக்காளி பக்கத்தில் தினமும்தான் நிற்கிறேன், ஒரு நாளும் படபடத்தது கிடையாது.

முதல் இரண்டு அடியையும் மாற்றியிருக்க வேண்டும். ஆசைதான் கெடுத்தது. 'தளதளப்பை' விட மனம் வரவில்லை. தக்காளியை எடுத்துவிட்டு உங்களை வைத்தேன்.

அந்த வரன் யாருடையதையோ எடுத்தார். நான் என்னுடையதைத்தான் எடுத்தேன். ஆனாலும் உங்களைத் தக்காளி இருந்த இடத்தில் உட்கார வைத்தது தப்பு. சொல்லிவிட்டேன். இனி உங்கள் சித்தம்.

கண்ணுசாமி


திண்டுக்கல்
27.2.1997

கண்ணுசாமி அவர்களுக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் கோபமில்லை. எழுத உட்கார்ந்தாலே சிரிப்பு வந்துவிடுகிறது. பேனாவைப் பிடிக்க முடியவில்லை.

உங்கள் கடிதம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வந்தது. வாசலில் நின்றே பிரித்தேன். முதல் சொல்லைப் படித்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா ஓடி வந்தார். "ஏத்தா, என்னத்தா? அழுகிறியா, சிரிக்கிறியா?" கடிதத்தை நீட்டினேன். அவர் பூசணியில் மாட்டிக்கொண்டார். "துக்கத்தில் வாடும் துவண்டு" என்று சொல்லிச் சொல்லி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மனிதருக்கு. அன்றைக்கு வீட்டில் பூசணிக்காய் சாம்பார். அம்மா அதை இலையில் ஊற்றும்போதெல்லாம் அப்பா துக்கம் விசாரித்தார். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்பனுக்கும் மகளுக்கும் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்று கரண்டியோடு போய்விட்டார்.

ரோசலின் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் கணக்கு தப்பில்லை, கேள்விதான் தப்பு என்கிறாள்.

அப்புறம் நிதானமாகப் பழைய இரண்டு அடியையும் புதிய இரண்டு அடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தளையும் எதுகையும் இரண்டிலும் சமம்தான். ஆனால் பழையதில் இல்லாத ஒன்று புதியதில் இருக்கிறது. 'படபடத்த'. மேலே ஒரு 'தளதள' தனியாக நின்றது. அதற்கு ஒரு ஜோடி வந்துவிட்டது. ஒன்று தக்காளியுடையது, ஒன்று உங்களுடையது. இரட்டைக்கிளவி எப்போதும் இரண்டாகவே வரும், பிரித்தால் பொருள் தராது என்று வருடா வருடம் வகுப்பில் சொல்கிறேன். 'பட' என்றால் ஒன்றுமில்லை. 'படபட' என்றால்தான் நெஞ்சு. திங்கட்கிழமை அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. சந்தோஷம்தான். வேறென்ன?

ஆனால் கணக்கு கணக்குத்தான். அந்த வெண்பாவில் பாதி தக்காளியுடையது. பாதிதான் எனக்கு. நான் பாதிக்குச் சம்மதிக்கிற ஆளில்லை. முழு வெண்பா ஒன்று வேண்டும். என் பெயர் இருக்க வேண்டும், அது நிற்கிற இடத்தில் தளை தட்டக் கூடாது. காய்கறி எதுவும் உள்ளே வரக் கூடாது. பழமும் கூடாது. 'டி' கூடவே கூடாது.

இளவேனில்

பி.கு.: நீங்கள் அன்றைக்கு அந்தப் பூசணி வெண்பாவைப் படித்திருந்தால் முதல் பரிசு கொடுத்திருப்பேன்.


ஒட்டன்சத்திரம்
9.3.1997

இளவேனில் அவர்களுக்கு,

பி.கு.வைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க வருத்தப்பட்டேன். பரிசு எவர்சில்வர் குடம். போனது போகட்டும்.

காய்கறி வரக் கூடாது என்றீர்கள். இந்த ஊரில் அது லேசுப்பட்ட காரியமா? மண்டியில் உட்கார்ந்தால் கத்தரிக்காயும் கண்ணில் படுகிறது, எதுகையாகக் கொத்தவரங்காயும் வந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஆத்தூர் அணைக்குப் போய்விட்டேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்து எழுதினேன். உங்கள் பெயரை எங்கே வைப்பது என்று யோசித்து, கடைசியில் எதற்குப் பின்னாலும் வைக்காமல் எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்துவிட்டேன். முதல் சீருக்கு முன்னால் எதுவும் கிடையாது. தளை எப்படித் தட்டும்?

இளவேனில் என்றே எழுதிவிட்டேன் இன்று
தளைதட்ட வில்லை தமிழில் – உளமாரக்
கேட்டதற்குச் சொல்லக் கிடப்பதோர் சீர்மட்டும்
போட்டுவிட்டால் போதும் ______

கடைசிச் சீரை வெறுமையாக விட்டிருக்கிறேன். அது நீங்கள் போட வேண்டிய சீர். எங்கள் வீட்டுக்கு நீங்கள் செய்ய வேண்டிய சீரும் அது ஒன்றுதான். அக்காவிடம் இந்த வெண்பாவைப் படித்துக் காட்டி, பொருளும் சொல்லிவிட்டேன். "சீருன்னா இதுவுங்களா?" என்று முகவாயில் கை வைத்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அதுஞ்செரி, படிச்ச புள்ள, இதுவே போதும்" என்று தானாகவே சொல்லிவிட்டது.

இன்னொரு விஷயம். எனக்குப் பயமே இல்லை. வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில்தான் முடிய வேண்டும். அதிலும் 'போதும்' என்ற சீருக்குப் பின்னால் நிரையசையில் தொடங்குவதுதான் வரும். 'மாட்டேன்' வராது. 'இல்லை' வராது. 'வேண்டாம்' வரவே வராது. எது வரும் என்று உங்களுக்கே தெரியும். இலக்கணம் என் கட்சி.

நம்பிக்கையுடன்,
கண்ணுசாமி


திண்டுக்கல்
14.3.1997

கண்ணுசாமி அவர்களுக்கு,

படித்தேன். முதல் அடியில் நான்கு சீரிலும் மோனை. அப்பா நாலு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். 'கிடப்பதோர் சீர்' என்பதில் ஒரு சின்ன உறுத்தல். 'சீர்' என்ற சொல்லுக்கு முன் 'ஒரு'தான் வர வேண்டும், 'ஓர்' வராது. செய்யுள் என்பதால் விட்டுவிடுகிறேன். 'சீர்மட்டும் போட்டுவிட்டால் போதும்' என்ற இடத்தில் நான் கொஞ்ச நேரம் அடுத்த சீருக்குப் போகவில்லை. வரதட்சணையை இவ்வளவு அழகாக யாரும் வேண்டாமென்று சொல்லிக் கேட்டதில்லை.

ஆனால் இலக்கணம் உங்கள் கட்சி என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் சிரித்தேன்.

'மாட்டேன்' வராது, 'இல்லை' வராது, 'வேண்டாம்' வராது. எல்லாம் உண்மை. 'மறுப்பு' வருமே? நிரையில் தொடங்கி உகரத்தில் முடிகிறது. பிறப்பு என்னும் வாய்பாடு. "போட்டுவிட்டால் போதும் மறுப்பு." எங்கேயாவது தட்டுகிறதா, பாருங்கள். 'வெறுப்பு' கூட வரும். 'கசப்பு' வரும். பாகற்காய் விற்கிறவருக்குக் கசப்பு நினைவுக்கு வராமல் போனது எப்படியோ!

இலக்கணம் யார் கட்சியுமில்லை. கடைசிச் சீர் முழுக்க முழுக்க என் இஷ்டம். நல்ல யோசனை தேவைப்படுகிறது. பரீட்சை நேரம் வேறு. மேசையில் விடைத்தாள் மலை மாதிரி கிடக்கிறது. வரிசையாகத்தான் திருத்துவேன்.

இளவேனில்


ஒட்டன்சத்திரம்
17.3.1997

இளவேனில் டீச்சர் அவர்களுக்கு,

இன்லண்டு லெட்டர் வாங்கப் போனால் தீர்ந்துவிட்டது என்றார்கள். காத்திருக்க முடியாமல் அஞ்சலட்டையிலேயே எழுதுகிறேன்.

மறுப்பு எனக்குத் தோன்றவே இல்லை. உண்மையிலேயே தோன்றவில்லை. நேற்றிலிருந்து கை ஓடவில்லை. திருச்சூருக்குப் போக வேண்டிய தக்காளியைக் கோழிக்கோட்டு லாரியில் ஏற்றிவிட்டேன். கோழிக்கோட்டுக்காரர் முருங்கைக்காய் எங்கே என்று போனில் மலையாளத்தில் திட்டுகிறார். சக்கம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "காச்சல் இல்ல. அந்தப் புள்ளைக்கு நாஞ் சொன்னேன்னு எழுது, இவன் நல்ல பய, சரக்கு மட்டுந்தேன் மாத்தி விடுவான்" என்றார். எழுதிவிட்டேன்.

எந்தச் சீராக இருந்தாலும் சீக்கிரம் போடுங்கள். மறுப்பு என்றாலும் தளை தட்டாமல் இருக்கும் என்று ஆறுதல்பட்டுக்கொள்வேன். பொய். ஆறுதல்பட மாட்டேன்.

கண்ணுசாமி


திண்டுக்கல்
22.3.1997

கண்ணுக்கு,

உங்கள் அட்டையை எங்கள் தபால்காரர் சாகுல் ஹமீது வழியிலேயே படித்துவிட்டார். வாசலில் நின்று கொடுத்துவிட்டுப் போகாமல், "டீச்சர், தெரியாமப் படிச்சுட்டேன். மறுப்புன்னு மட்டும் போட்றாதீங்க. மனுசன் தக்காளிய எல்லாம் கோழிக்கோட்டுக்கு அனுப்பிட்டு உக்காந்துருக்காரு" என்றார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. எதிர்வீட்டு ஜன்னலும் திறந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது? அதனால் நானும் அட்டையிலேயே எழுதுகிறேன். வழியில் யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும்.

இளவேனில் என்றே எழுதிவிட்டேன் இன்று
தளைதட்ட வில்லை தமிழில் – உளமாரக்
கேட்டதற்குச் சொல்லக் கிடப்பதோர் சீர்மட்டும்
போட்டுவிட்டால் போதும் சரி

ஒரே நிரையசை. வாய்பாடு, மலர்.

நான்கு வாய்பாட்டில் மலரை நான் போட்டுவிட்டேன். நாள், உங்கள் அக்காவும் எங்கள் அப்பாவும் பார்க்கட்டும். காசு என்று யார் வாய் திறந்தாலும் தளை தட்டும். மிச்சம் இருப்பது பிறப்பு. அதை அட்டையில் எழுத முடியாது, சாகுல் பாய் படித்துவிடுவார்.

கல்யாணப் பந்தியில் பூசணிக்காய்க் கூட்டு கண்டிப்பாக வேண்டும் என்கிறார் அப்பா.

உங்கள்
இளவேனில்